பழைய கிட்டார் பெடலில் ஹம் சத்தம்: பெட்டியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய வா பெடலைக் கொண்டுவந்து கொடுத்தார். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிதான் பெடல். மிதித்து ஆன் செய்தால் ஆம்பில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பழைய பெடல்தானே, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உள்ளே இருந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். மூடியைப் போட்டு வாசித்துப் பார்த்தால் ஹம் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் மேசையைச் சுத்தம் செய்யும்போது அடாப்டரை ஓரமாகத் தள்ளினேன். சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. அடாப்டருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அதுவரை பெடலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. வா பெடலுக்குள் ஒரு இண்டக்டர் சுருள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அந்தச் சுருள் பிடித்து ஆம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

நன்றாக இருந்த, பெடலோடு பிறந்த பாகங்களை வீணாகக் கழற்றிவிட்டேனே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் வரிசைக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன். முதலில் காது, அடுத்து பேட்டரி, அப்புறம் அடாப்டர், பிறகு எர்த். இவை நான்கும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். பழைய பெடலில் வரும் ஹம் பாதிக்கு மேல் பெடலுக்கு வெளியிலிருந்து வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று, நம்பகமான கேபிள் இரண்டு, 100 மைக்ரோஃபாராட் 25 வோல்ட் கண்டென்சர் இரண்டு மூன்று, குரோக்கடைல் கிளிப் வைத்த ஒயர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப். கடைசி இரண்டும் தேவைப்படாமலே போகலாம்.

படி 1: ஹம்மை அடையாளம் காண்பது

எல்லா இரைச்சலையும் நாம் ‘ஹம்மிங் வருது’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை வேறு வேறு. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் ஒரு சுற்றை முடிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ சுவருக்குள் ஓடும் ஒயரிலிருந்தோ நேரடியாகத் தொற்றும் ஹம் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். அதே மின்சாரம் அடாப்டருக்குள் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் வழியாகப் போய் டிசியாக மாறும்போது கீழ்ப்பாதி அலையும் மேலே மடங்கிவிடுகிறது. அதனால் அங்கே மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. இந்த மிச்சத்துக்கு ரிப்பிள் என்று பெயர்.

இதைப் பிரித்தறிய கிட்டாரே போதும். தடித்த ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை வாசித்துவிட்டு ஹம்மைக் கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலித்தால் அது 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் கேட்கும் ஜி என்றால் அது 50. அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இந்தக் கணக்கு ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் போய் நிற்கும்.

செல்போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 100, 200, 300 ஆகிய இடங்களில் மட்டும் முகடுகள் தெரிந்தால் அது ரிப்பிள். ஆகவே அடாப்டரையோ ஃபில்டர் கண்டென்சரையோ சந்தேகப்படலாம். 50-ம் 150-ம் சேர்ந்து தெரிந்தால் காந்தப்புலம், எர்த் லூப் (இரண்டு வழியாக எர்த் சேர்ந்து உண்டாகும் வளையம்), ஷீல்டு (சிக்னல் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) அறுந்த கேபிள் ஆகியவற்றின் பக்கம் போங்கள். அதே 50-க்கு இன்னொரு அபூர்வமான காரணமும் உண்டு. பிரிட்ஜில் ஒரு டயோடு அறுந்துவிட்டால் பாதி அலை மட்டுமே கிடைக்கும். ரிப்பிள் 50-க்கு இறங்கி, அளவிலும் இரட்டிப்பாகும். நேற்று வரை அமைதியாக இருந்த அடாப்டர் இன்று திடீரெனத் தடித்த குரலில் முனகினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய விசில் மாதிரியோ, சைரன் மாதிரி ஏறி இறங்கியோ வரும் சத்தம் ஹம் அல்ல. கோரஸ், ஃபிளேஞ்சர், அனலாக் டிலே பெடல்களுக்குள் ஓடும் கிளாக் (வேகமாகத் துடிக்கும் சர்க்யூட்), அதே அடாப்டரில் இருக்கும் டிஜிட்டல் பெடலோடு மோதுவதால் அது வரும். அதற்கு மருந்து வேறு. அந்த இரண்டு பெடலுக்கும் தனித்தனி பவர் கொடுத்தால் போதும்.

கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் தகுந்தபடி ஹம் கூடிக் குறைந்தால் அது கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சுருள் (சிங்கிள் காயில் பிக்கப்) பிடிக்கும் ஹம். பெடல் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் அது நம் உடல் வழியாகத் தொற்றும் இரைச்சல், பெடலின் பவர் அல்ல. டியூப்லைட் சோக், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். கரண்ட் போய் வீடு இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் சோதனையே வேண்டாம். சதுர அலை கொடுக்கும் இன்வெர்ட்டரில் நல்ல அடாப்டரும் கரகரக்கும்.

படி 2: பேட்டரி சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடாப்டர் ஒயரைப் பெடலிலிருந்து முழுதாக உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பெடலின் டிசி ஜாக்கில் பிளக் இருக்கும் வரை பேட்டரி துண்டிக்கப்பட்டே இருக்கும். புதிய பேட்டரியைப் போடுங்கள். பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்கில் கேபிள் செருகினால்தான் பேட்டரி இணையும் என்பதையும் மறக்க வேண்டாம். வேறு எந்தப் பெடலும் இல்லாமல் கிட்டார், இந்த ஒரு பெடல், ஆம்ப் மட்டும் இருக்கட்டும்.

ஹம் முற்றிலும் போய்விட்டதா? பெடலின் ஆடியோ பாதை நலமாக இருக்கிறது. கோளாறு மின்சாரம் வரும் வழியில். படி 3-க்குப் போங்கள்.

பேட்டரியிலும் அதே ஹம் வருகிறதா? அப்படியானால் பவர் சப்ளையைக் குறை சொல்ல வழியே இல்லை. பேட்டரியில் ஏசி கிடையாது. கேபிளை மாற்றுங்கள். கிட்டாரைக் கழற்றிவிட்டு, டிப்பும் (நுனி) ஸ்லீவும் (தண்டு) சேர்த்து இணைத்த ஒரு பிளக்கை இன்புட்டில் செருகிக் கேளுங்கள். அமைதியாகிவிட்டால் ஹம் கிட்டாரிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருகிறது. அப்படியும் முனகினால் பெடலுக்குள் எர்த் இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது. அதற்குப் படி 6-ல் பதில் இருக்கிறது.

சில பழைய பெடல்களுக்கு இந்தச் சோதனையே தீர்ப்பும்கூட. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் சர்க்யூட்டில் பவருக்கென்று ஃபில்டர் கண்டென்சரே கிடையாது. பேட்டரியில் மட்டும் ஓடுவதற்காக வரையப்பட்ட சர்க்யூட் அது. யாரோ பின்னால் ஓட்டை போட்டு டிசி ஜாக் வைத்திருப்பார்கள், அதில் மலிவான அடாப்டரைச் செருகினால் முனகத்தான் செய்யும். அந்தப் பெடலிடம் தவறு எதுவும் இல்லை.

ஃபஸ் ஃபேஸில் இன்னொன்றும் உண்டு. ஆரம்ப கால ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் பெடல்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். மற்ற பெடல்களில் மைனஸ் எர்த். இரண்டையும் ஒரே அடாப்டரில் கோர்த்தால், பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டு வழியாகப் பிளஸ்ஸும் மைனஸும் நேராகச் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். இத்தகைய பெடலுக்குப் பேட்டரியே நல்லது. இல்லையென்றால் மற்றவற்றின் எர்த்தோடு சேராமல் தனித்து நிற்கும், ஐசொலேட் செய்யப்பட்ட அவுட்புட் வேண்டும்.

படி 3: அடாப்டரை அளப்பது

நம் ஊர்க் கடைகளில் ‘எலிமினேட்டர்’ என்று கேட்டால் கொடுக்கும் பழைய வகை அடாப்டர்களில் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், ஒரு கண்டென்சர் மட்டும்தான். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் ரெகுலேட்டர் இருக்காது. மேலே 9 வோல்ட் என்று எழுதியிருக்கும். லோடு இல்லாமல், அதாவது பெடல் எதையும் இணைக்காமல், அளந்தால் 12, 13, சில சமயம் 14 காட்டும். அது தனியாக ஒரு கோளாறு அல்ல, அந்த வகையின் இயல்பு.

முதலில் டிசி ரேஞ்சில் வைத்து முனைகளைப் பாருங்கள். பிளக்கின் நடுவில் மைனஸா, பிளஸ்ஸா? இன்று பெரும்பாலான பெடல்கள் நடுவில் மைனஸ் என்ற முறையைப் பின்பற்றுகின்றன. 70-களின் பெடல்களில் அப்படி நம்ப முடியாது. ஹெட்ஃபோன் பிளக் மாதிரி 3.5 மில்லிமீட்டர் ஜாக் வைத்தவையும் உண்டு. பெடலின் மேல் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். படம் அழிந்திருந்தால் ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரைப் பின்தொடருங்கள். ஊகித்துச் செருக வேண்டாம்.

அடுத்து ரிப்பிள். அடாப்டரைப் பெடலில் செருகி, பெடல் ஓடும்போது அந்த டிசி முனைகளிலேயே மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றி அளக்க வேண்டும். சில மீட்டர்கள் டிசியையும் சேர்த்துத் தவறாகக் காட்டும். ஒரு முனையில் 1 மைக்ரோஃபாராட் கண்டென்சரைத் தொடராக வைத்தால் அந்தக் குழப்பம் தீரும். சில மில்லிவோல்ட் என்றால் நிம்மதியாக இருக்கலாம். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், கெயின் அதிகமான, அதாவது சிக்னலை நிறையப் பெருக்கும், பெடலில் கட்டாயம் கேட்கும் என்பது என் அனுபவக் கணக்கு. பிரபலமான மஞ்சள் நிற மலிவு மீட்டர்களில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதில் மில்லிவோல்ட் தெரியாது. அது உங்களிடம் இருந்தால் அளவை விட்டுவிட்டு, நல்லது என்று தெரிந்த ரெகுலேட்டட் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். அதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

ஒரே அடாப்டர் நேற்று அமைதி, இன்று முனகல் என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் லோடுதான். ரிப்பிளின் அளவைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. இழுக்கும் மின்னோட்டத்தை, 100-ஐயும் கண்டென்சரின் மதிப்பையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். அடாப்டருக்குள் 470 மைக்ரோஃபாராட் இருக்கிறது, 10 மில்லிஆம்பியர் இழுக்கும் ஒரு கோரஸ் பெடல் மட்டும் இணைந்திருக்கிறது என்று வையுங்கள். ரிப்பிள் சுமார் 0.2 வோல்ட். அதே ஒயரில் ஐந்து பெடலைக் கோர்த்து 50 மில்லிஆம்பியர் ஆனால் 1 வோல்ட்டைத் தாண்டும். பெடலுக்குள் இருக்கும் ஃபில்டரால் முதலாவதைச் சமாளிக்க முடியும், இரண்டாவதை முடியாது.

ரெகுலேட்டர் இருந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. 7809 போன்ற ஐசிக்கு 9 வோல்ட் கொடுக்க உள்ளே குறைந்தது 11, 11.5 வோல்ட் வர வேண்டும். மீட்டர் சராசரியாக 12 என்று காட்டும். ஆனால் 2 வோல்ட் ரிப்பிள் இருந்தால், அலையின் பள்ளத்தில் அது 11-க்கு இறங்கிவிடும். விநாடிக்கு 100 முறை ரெகுலேட்டர் கைவிட்டு, அந்தக் குழியை அப்படியே வெளியே அனுப்பும். ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் காய்ந்துபோகும்போது நடப்பது இதுதான்.

படி 4: பழைய பாஸ் பெடலும் ஏசிஏ புதிரும்

1977-ல் வந்த ஓடி-1, 1978-ன் டிஎஸ்-1, 1979-ன் சிஇ-2 போன்ற பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆரம்ப காலப் பெடல்கள் ‘ஏசிஏ’ வகை அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. அந்த அடாப்டர் ரெகுலேட் ஆகாதது, சுமார் 12 வோல்ட் கொடுப்பது. அதைச் சமாளிக்க, பல பெடல்களில் டிசி ஜாக்கின் மைனஸுக்கும் சர்க்யூட்டின் எர்த்துக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு டயோடும் வைத்தார்கள். அவை வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கும். ஃபில்டர் கண்டென்சரோடு சேர்ந்து ரிப்பிளையும் வடிகட்டும். எளிமையான, நல்ல ஏற்பாடு.

பின்னாளில் வந்த ‘பிஎஸ்ஏ’ வகை ரெகுலேட் ஆன 9 வோல்ட். அதை ஏசிஏ பெடலில் தனியாகச் செருகினால் வோல்டேஜ் குறைந்து, விளக்கு மங்கி, சத்தமும் சோர்ந்து வரும். ஆனால் அதே ஒயரில் வேறு ஒரு பெடலையும் கோர்த்தால் திடீரென்று எல்லாம் சரியாகிவிடும். இதைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய. காரணம் இதுதான்: பக்கத்துப் பெடலின் எர்த், பேட்ச் கேபிளின் ஷீல்டு வழியாக இந்தப் பெடலின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. மின்சாரம் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி கிடைத்துவிடுகிறது.

இதன் மறுபக்கம்தான் நம் பிரச்சினை. ரெகுலேட் ஆகாத பழைய அடாப்டரில் ஏசிஏ பெடலையும் மற்ற பெடல்களையும் சங்கிலியாகக் கோர்த்தால் அதே குறுக்குவழி திறக்கிறது. வோல்டேஜை இறக்குவதும் ரிப்பிளை வடிகட்டுவதும் அந்த ரெசிஸ்டரின் வேலை. மின்சாரம் இப்போது அதன் வழியாகப் போவதே இல்லை. தனியாக வைத்தால் அமைதி, சங்கிலியில் வைத்தால் ஹம் என்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். தீர்வு: ஏசிஏ பெடலுக்கு ஐசொலேட் செய்யப்பட்ட, 12 வோல்ட் தரும் தனி அவுட்புட் ஒன்று. ரெசிஸ்டரையும் டயோடையும் ஷார்ட் செய்து நிரந்தரமாக 9 வோல்ட் பெடலாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. அப்படி மாற்றிய பெடல் கை மாறும்போது, வாங்கியவர் அடியில் இருக்கும் ‘ஏசிஏ’ லேபிளை நம்பி 12 வோல்ட்டைச் செருகிவிடுவார்.

படி 5: எர்த் லூப், இடம், தூரம்

பெடல் ஒரு சுவர் பாயிண்டிலும் ஆம்ப் வேறொரு பாயிண்டிலும் இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பாதி எர்த் லூப்கள் இதிலேயே அடங்கிவிடும். ஒரே சங்கிலியில் இருக்கும் பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள். எதைக் கழற்றும்போது ஹம் போகிறதோ அதுதான் குற்றவாளி என்று அவசரப்படாதீர்கள். அது லோடைக் குறைத்ததாகவும் இருக்கலாம்.

அடாப்டரைக் கையில் எடுத்து, ஒயர் எட்டும் தூரம் வரை நகர்த்திப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள். ஹம் மாறினால் காந்தப்புலம். வா பெடலுக்கு இதை இரண்டு முறை செய்யுங்கள்.

ஆம்பின் மூன்று பின் பிளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகத்தான் செய்யும். கூடவே உங்கள் உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். ஆம்புக்குள் ஏதாவது ஒரு நாள் ஃபேஸ் ஒயர் உடலில் பட்டால், கிட்டார் கம்பியைப் பிடித்திருக்கும் கை வழியாக 230 வோல்ட் பாயும். எர்த் லூப்பை ஆடியோ பக்கத்தில், ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து உடையுங்கள். மின்சாரப் பக்கத்தில் கை வைக்காதீர்கள். வீட்டுச் சுவரில் எர்த் ஓட்டை இருந்தும் பின்னால் ஒயர் இல்லாத வீடுகள் ஏராளம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபார்ப்பது இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

படி 6: இப்போது பெட்டியைத் திறக்கலாம்

பேட்டரியில் அமைதி, நல்ல ரெகுலேட்டட் அடாப்டரில் தனியாக வைத்தும் ஹம் என்றால், அல்லது படி 2-ன் பிளக் சோதனையில் பேட்டரியிலும் முனகினால், பெடலுக்குள்தான் கோளாறு. சுவரிலிருந்து ஒயர் நேராக வரும் பெடல் என்றால் இந்தப் படியைத் தாண்டி முதலில் படி 7-ஐப் படித்துவிட்டு வாருங்கள்.

திறந்ததும் போட்டோ எடுங்கள். ஒயர்களின் நிறம் தெரியும்படி நாலு பக்கமும். பிறகு எதையும் சூடாக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள். ஜாக் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா? பல பெடல்களில் ஜாக்கின் எர்த் அந்த நட்டு வழியாகத்தான் பெட்டியின் உலோகத்தோடு சேர்கிறது. அரைச் சுற்றுத் தளர்வு போதும், பெட்டி ஷீல்டாக வேலை செய்யாது. பேட்டரி கசிந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? டிசி ஜாக் மூன்று காலில் நிற்கும். பிளக்கைச் செருகி ஆட்டிப் பார்த்தால் ஈயத்தில் வட்டமாக மயிரிழை விரிசல் தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த வட்டத்தைத் தொட்டு மறுபடி ஈயம் உருக்கியதோடு வேலை முடிந்த பெடல்கள் என்னிடம் நாலைந்து வந்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: மூடி திறந்திருக்கும்போது எந்தப் பெடலும் கொஞ்சம் முனகும். ஷீல்டு இல்லை அல்லவா. இறுதித் தீர்ப்பை மூடி போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஃபில்டர் கண்டென்சர். டிசி ஜாக்கிலிருந்து வரும் பிளஸ் ஒயரைப் பின்தொடர்ந்தால் முதலில் சந்திக்கும் பெரிய உருளை அதுதான். 47, 100 அல்லது 220 மைக்ரோஃபாராட் என்று எழுதியிருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. நாற்பது வருடத்தில் அது ரப்பர் அடைப்பு வழியாக மெல்ல ஆவியாகிவிடும். தலை உப்பியிருந்தால் சந்தேகமே இல்லை, ஆனால் காய்ந்தவை பெரும்பாலும் வெளியே அழகாகத்தான் இருக்கும்.

கழற்றாமலே சோதிக்கலாம். பெடலை அணையுங்கள். புதிய 100 மைக்ரோஃபாராட் கண்டென்சரின் பிளஸ் காலைப் பழையதன் பிளஸ் காலோடும், மைனஸைப் பழையதன் மைனஸோடும் கிளிப் போட்டு இணையுங்கள். உடலில் பட்டையாகக் கோடு போட்டிருக்கும் பக்கம் மைனஸ். ஆன் செய்து கேளுங்கள். ஹம் கணிசமாக இறங்கினால் பழையது காய்ந்துவிட்டது. இறங்கவே இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், அது குற்றமற்றது.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதாக ஒரு கண்டென்சர் இருக்கிறது, என் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது அதுதான். 9 வோல்ட் பெடலில் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வேலை செய்ய நடுவில் 4.5 வோல்ட் வேண்டும். ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்கள், வழக்கமாக 10 கிலோ ஓம், அந்த 9-ஐப் பாதியாகப் பிரிக்கும். பிரியும் இடத்திலிருந்து எர்த்துக்கு ஒரு சிறிய கண்டென்சர், 10 அல்லது 47 மைக்ரோஃபாராட். இந்த இடம் ஆடியோவின் இதயம். கிட்டார் சிக்னல் இதன் மேல்தான் சவாரி செய்கிறது. இங்கே நுழையும் ரிப்பிள் நேராகச் சிக்னலோடு சேர்ந்து பெருகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோஃபாராட் நலமாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளை, பாதியாகப் பிரிந்தது போக மேலும் முப்பது மடங்கு குறைக்கும். அதே கண்டென்சர் காய்ந்து 1 மைக்ரோஃபாராட் அளவுக்கு வந்துவிட்டால் மூன்று மடங்குதான் குறைக்கும். பவரில் கேட்காத அளவு ரிப்பிள் இருந்தாலும் இங்கே கேட்க வைத்துவிடும். மீட்டரில் 4.5 வோல்ட் சரியாகவே காட்டும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். முன்பு செய்த அதே கிளிப் சோதனையை இந்தக் கண்டென்சருக்கும் செய்யுங்கள்.

மாற்றும்போது: மதிப்பு அதே, அல்லது ஒரு படி கூடுதல். 100-க்கு 100 அல்லது 220. வோல்டேஜ் 25, ஏனென்றால் ரெகுலேட் ஆகாத அடாப்டர் 14 வரை போகும், 10 வோல்ட் கண்டென்சர் அதில் தாங்காது. 105 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள். 70-களின் போர்டுகளில் செம்புத் தடம் சூட்டில் உரிந்துவிடும். ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். பழைய ஈயம் உருக மறுத்தால், புதிய ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கிவிட்டு உறிஞ்சுங்கள், சுலபமாக வரும். எல்லாக் கண்டென்சரையும் மொத்தமாக மாற்றும் ஆசை வரும். வேண்டாம். சிக்னல் பாதையில் இருப்பவை அந்தப் பெடலின் குரலில் பங்கு வகிப்பவை. ஹம்முக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

பாகம் எதுவும் கெடாமல், வடிவமைப்பிலேயே ஃபில்டர் குறைவாக இருந்தால் பெடலைத் தொடவே தேவையில்லை. வெளியே ஒரு சிறிய டப்பாவில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்குப் பின் 220 மைக்ரோஃபாராட் கண்டென்சரைக் குறுக்காகவும் வைத்து அடாப்டருக்கும் பெடலுக்கும் நடுவில் செருகுங்கள். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பதினான்கில் ஒரு பங்காகும். 5 மில்லிஆம்பியர் இழுக்கும் பெடலில் அரை வோல்ட் குறையும், அது காதுக்குத் தெரியாது. 50, 100 மில்லிஆம்பியர் இழுக்கும் டிஜிட்டல் பெடலுக்கு இது சரிவராது.

படி 7: சுவரிலிருந்து நேராக ஒயர் வரும் பெடல்கள்

1976-ல் வந்த பாஸ் சிஇ-1, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பழைய டீலக்ஸ் மெமரி மேன் போன்றவற்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மரே இருக்கிறது. பவர் சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கம் எல்லாவற்றிலும் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும். மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவர் இதைத் திறக்கவே கூடாது. பழக்கம் உள்ளவரும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, அந்தப் பிளக்கைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மேலே சொன்ன கிளிப் சோதனையை இதில் செய்வதென்றால், பிளக் உருவிய நிலையில் இணைத்து, மூடியை மேலே வைத்து, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெடலா என்று லேபிளைப் பாருங்கள். 117 வோல்ட் பெடலை நம் சுவரில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டினாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் ஓடும்போது அதன் இரும்பில் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும். கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், வெளியே கசியும் காந்தப்புலமும் அதிகம். அமெரிக்காவில் அமைதியாக இருந்த பெடல் இங்கே லேசாக முனகுவதற்கு இது போதும். ஆம்பை அணைத்துவிட்டுப் பெடலில் காதை வையுங்கள். பெட்டியே உறுமுகிறதென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளை இறுக்குங்கள். ஆம்பில் மட்டும் கேட்டால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக ஓடும் சிக்னல் ஒயரை மூங்கில் குச்சியால் மெதுவாகத் தள்ளி இடம் மாற்றிப் பாருங்கள். இந்த வகைப் பெடலில் ஃபில்டர் கண்டென்சர்கள் பெரியவை, பல நூறு மைக்ரோஃபாராட். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முதலில் காய்வதும் அவைதான்.

படி 8: மூடுவதற்கு முன்

மூடியைப் போட்டு, நட்டுகளை இறுக்கி, அரை மணி நேரம் ஆனிலேயே விடுங்கள். அதற்குப் பிறகு பேட்டரியில் ஒருமுறை, அடாப்டரில் ஒருமுறை, வழக்கமான சங்கிலியில் ஒருமுறை கேளுங்கள். மூன்றிலும் கிட்டாரின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும், பெடலின் வால்யூம் நீங்கள் மேடையில் வைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

கழற்றிய பழைய கண்டென்சர்களைத் தூக்கிப் போடாதீர்கள். சின்ன ஜிப் கவரில் போட்டு, எந்தப் பாகம், எந்த மதிப்பு, எந்தத் தேதியில் மாற்றியது, எந்த அடாப்டரில் அமைதியாக ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி அதனுள் வையுங்கள். பேட்டரி போடும் இடம் காலியாக இருந்தால் கவர் அங்கேயே அடங்கும்.